கையெழுத்துக்கு முன்னால்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, என் பழைய மாணாக்கன் ஒருவன் வாசலில் வந்து நின்றான். தலையை மழித்திருந்தான். பார்த்த மாத்திரத்தில் விஷயம் விளங்கிவிட்டது. "யார், அப்பா?" என்று கேட்டேன். "தகப்பனார்தான், சார். இன்றைக்கு இருபதாம் நாள்" என்றான்.

ஒரகடத்தில் மோட்டார் உறுப்புகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அவனுக்கு வேலை. இராத்திரி ஷிப்டு முடித்துவிட்டு, வீட்டுக்குக் கூடப் போகாமல் நேரே என்னிடம் வந்திருந்தான். காபி கொடுத்து உட்கார வைத்தேன். பள்ளிக்கூடத்தில் கணக்கு என்றால் காத தூரம் ஓடிய பையன் அவன். அன்றைக்கோ ஏக்கர், செண்டு, வட்டி, பாகம் என்று ஒரே கணக்காகப் பேசினான்.

தகப்பனார் தம் பேருக்கே கிரயம் வாங்கி, உயில் ஒன்றும் எழுதாமல் விட்டுப் போனது ஒரு ஏக்கர் நாற்பது செண்டு. ஏரிக்குக் கீழே நஞ்சை. நடுவில் அவரே வெட்டிய கிணறு. ஒரு பக்கம், புதிதாக அகலப்படுத்திய சாலையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. அந்தச் சாலைதான் வினை! பதினாறாம் நாள் காரியத்தன்று, சாப்பிட்ட இலையை எடுப்பதற்குள் ஒரு தரகர் சித்தப்பாவைத் தனியே அழைத்துப் பேசிவிட்டாராம். மறுநாள் அண்ணனிடம் பேச்சு. அண்ணனுக்குக் கடன் இருக்கிறது. வாலாஜாபாத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கும் சகோதரியிடம், "பெண்ணுக்கு எதற்கம்மா நிலம்? ஒரு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிடு, கையில் ரொக்கம் வாங்கித் தருகிறோம்" என்று வேறொருவர் சொல்லியிருக்கிறார். இப்படி எல்லோரும் எங்கெங்கோ சுற்றிக் கடைசியில் வந்து நிற்கிற இடம் ஒன்றுதான். கூடத்து மூலையில் சுவரில் சாய்ந்தபடி, வருகிறவர் போகிறவர் யாரென்று கூடப் பாராமல் உட்கார்ந்திருக்கிற அந்த அம்மாள்.

"அம்மா கையெழுத்துப் போட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்கிறார்கள், சார். அம்மாவோ எதைக் கேட்டாலும் தலையை ஆட்டுகிறாள். நீங்கள் வந்து இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும்" என்றான்.

எங்கள் பக்கத்தைப் பற்றி நேயர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஸ்ரீபெரும்பூதூர், 1017-ஆம் ஆண்டில் ராமாநுஜர் அவதரித்த திருத்தலம் என்பதை வைஷ்ணவ உலகம் நெடுங்காலமாக அறியும். 1991 மே மாதம் 21-ஆம் தேதி இரவு ராஜீவ் காந்தி அங்கே கொலையுண்ட துயரத்தினால் தேசம் முழுவதும் அந்தப் பெயரை அறிந்தது. அதற்குப் பிறகு வந்த பிரசித்தி மோட்டார் வண்டிகளால் வந்தது. இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாய் கார்கள் உற்பத்தியாகத் தொடங்கின. ஒரகடத்தில் 2010-ல் ரெனோ–நிஸ்ஸான் ஆலை திறக்கப்பட்டது. லாரி, மோட்டார் சைக்கிள், கண்ணாடி என்று வரிசையாக வந்துகொண்டே இருந்தன. என்னிடம் படித்த பிள்ளைகளில் பாதிப்பேர் இன்று அந்தத் தொழிற்சாலைகளின் சீருடையில்தான் நடமாடுகிறார்கள். தங்கைக்குக் கலியாணம் செய்தவர்களும், ஓட்டு வீட்டை மாடி வீடாக்கியவர்களும் அவர்களில் உண்டு. ஆகையால் தொழிற்சாலைகளை வைது எழுத நான் உட்காரவில்லை. தொழிற்சாலை வாசலுக்கும் சாவு வீட்டு வாசலுக்கும் நடுவில் நடந்து பிழைக்கிற ஒரு வியாபாரத்தைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அதைச் சொல்லுவதற்கு முன் என் சொந்தக் குற்றம் ஒன்றையும் சொல்லிவிடுவது நியாயம்.

என் தகப்பனார் காலமானது 2006-ஆம் வருஷம். எனக்கு அப்போது முப்பது வயது நிரம்பவில்லை. அந்த வருஷந்தான் ஸ்ரீபெரும்பூதூரில் நோக்கியா செல்போன் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கிற்று. டீக்கடையிலும், கோயில் வாசலிலும், பஸ்ஸிலும் நிலத்தின் விலையைத் தவிர வேறு பேச்சுக் கிடையாது. எங்களுக்கும் கொஞ்சம் புன்செய் இருந்தது. என்னை எந்தத் தரகரும் ஏமாற்றவில்லை. நானே என் தாயாருக்குத் தரகனாக அமைந்துவிட்டேன். "இனி யார் உழப் போகிறார்கள்? நீ தனியாக இங்கே இருந்து என்ன செய்வாய்? என்னோடு வந்துவிடு. இப்போது விட்டால் இந்த விலை வராது" என்று இரவும் பகலும் சொன்னேன். சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அன்பினால் சொன்னதுதான். தகப்பனார் போன நாற்பதாம் நாள் பத்திரம் பதிவாயிற்று. பதிவு அதிகாரி, தம் கடமைப்படி, "சம்மதந்தானே, அம்மா?" என்று கேட்டார். அம்மா உடனே பதில் சொல்லவில்லை. திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு "ஆமாம்" என்றாள்.

அந்தப் பார்வையை நான் மறக்க எட்டு வருஷம் முயன்றேன். 2014-ல் அந்தச் செல்போன் தொழிற்சாலை மூடப்பட்டது. செய்தியைக் கேட்ட அம்மா, "அப்படியானால் நம்முடைய நிலத்தைத் திருப்பிக் கொடுப்பார்களா?" என்று கேட்டாள். எங்கள் நிலம் அந்தத் தொழிற்சாலைக்குப் போகவே இல்லை. மனை பிரித்து விற்கிற ஒருவரிடம் போயிற்று. அதை விளக்கிச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

மாணாக்கனை அனுப்பிவிட்டு, அன்று மாலையே காஞ்சீபுரத்தில் இருக்கும் என் வக்கீல் நண்பரைப் பார்க்கப் போனேன். அவர் சொன்ன சட்டம் மிகவும் எளிது. ஆனால் அது எத்தனை வீடுகளில் தெரியாமல் இருக்கிறது என்பதுதான் ஆச்சரியம். 1956-ஆம் வருஷத்து ஹிந்து வாரிசுச் சட்டப்படி, தமக்கே சொந்தமான சொத்தை உயில் எழுதாமல் ஒருவர் விட்டுப் போனால், அவருடைய மனைவி, ஆண் மக்கள், பெண் மக்கள் எல்லோருக்கும் சமபாகம். அவருடைய தாயார் உயிரோடிருந்தால் அவளுக்கும் ஒரு பாகம். பெண் கலியாணமாகிப் போய்விட்டாள் என்பதனால் பாகம் குறையாது. நம் மாணாக்கன் வீட்டில் பாட்டி இல்லை. ஆக நாலு பங்கு. தலைக்கு முப்பத்தைந்து செண்டு. பதினாறாம் நாள் முதல் நாட்டாண்மை செய்துகொண்டிருக்கிற சித்தப்பாவுக்கு ஒரு செண்டு கூடக் கிடையாது! பூர்வீகக் கூட்டுச் சொத்தாக இருந்தால் கணக்கு வேறாகும். கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் அவரவர் சட்டப்படி விதவையின் பாகம் வேறாகும். எந்தக் கணக்கிலும் அவளுடைய பாகம் அவளுடைய கையெழுத்து இல்லாமல் போகாது.

இந்தப் பாகம் சும்மா வந்துவிடவில்லை. 1937-ல் டாக்டர் தேஷ்முக் கொண்டுவந்த சட்டம் விதவைக்குப் பங்கு கொடுத்தது. ஆனால் அவள் ஜீவித காலத்துக்கு மட்டும் அனுபவிக்கலாம் என்று எல்லை கட்டிக் கொடுத்தது. அதுவும் விளைநிலத்துக்குப் பொருந்தாது என்று 1941-ல் பெடரல் கோர்ட்டு தீர்ப்பளித்துவிட்டது. கிராமத்துப் பெண்ணுக்கு விளைநிலத்தை விட்டால் வேறு சொத்து ஏது? சென்னை மாகாணத்தில் 1947-ல் தனிச் சட்டம் செய்த பிறகே வயலிலும் அவளுக்குப் பங்கு வந்தது. ஹிந்து சட்டத் திருத்தம் தாமதமானதை ஒரு காரணமாகக் காட்டி 1951-ல் டாக்டர் அம்பேத்கர் மந்திரி பதவியை ராஜிநாமா செய்தார். கடைசியில் 1956-ல், "அவள் சொத்து அவளுக்கே பூரண பாத்தியதை" என்று ஆயிற்று. இவ்வளவு பேர் இவ்வளவு காலம் போராடி அந்த அம்மாளின் கையில் வைத்த பாத்தியதையைத்தான், பதினாறாம் நாள் பந்தலில் ஒருவர் ஒரு மை டப்பியைக் காட்டி வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்.

வக்கீல் நண்பர் இன்னொன்றும் சொன்னார். கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கலியாணமான மகன் இறந்துபோனால், அவனுடைய மனைவி மக்களோடு அவனைப் பெற்ற தாயும் முதல் வரிசை வாரிசுதான். தகப்பன் அந்த வரிசையில் இல்லை. (துக்கத்தில் தகப்பனுக்கு மட்டும் குறைவா என்று கேட்கத் தோன்றுகிறது, சட்டம் அப்படி இருக்கிறது.) என் சிற்றன்னையின் மகன் சிங்கப்பெருமாள் கோயில் சாலையில் லாரி மோதி இறந்தபோது, ஒரு வாரத்துக்குள் யாரோ ஒரு காகிதத்தை நீட்டி, "பாங்கியில் கொடுக்க வேண்டும்" என்று அவளிடம் கைநாட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். அவள் கொடுத்தது தன் பிள்ளையின் நிலத்தில் தனக்கு உள்ள பாகம் என்பது அவளுக்கும் தெரியாது. பட்டம் பெற்ற எனக்கும் அன்று தெரியாது.

தரகர்களின் வித்தை பெரும்பாலும் மூன்று வகைக்குள் அடங்கும். முதலாவது, அவசரம். "இந்த இடத்தையெல்லாம் சர்க்கார் எடுக்கப் போகிறது, அதற்குள் கொடுத்துவிட்டால் ஏதாவது மிஞ்சும்" என்பார்கள். 2022-ல் பரந்தூர் விமான நிலைய அறிவிப்பு வந்த நாளிலிருந்து, அதற்குச் சம்பந்தமில்லாத ஊர்களில் கூட இந்தப் பூச்சாண்டி நடமாடுகிறது. தொழிலுக்காகச் சர்க்கார் நிலம் எடுப்பதானால், 1997-ஆம் வருஷத்துத் தமிழ்நாட்டுச் சட்டப்படி உடைமைக்காரருக்கு நோட்டீஸ் கொடுத்து ஆட்சேபம் கேட்க வேண்டும். தரகர் வாயால் சர்க்கார் நோட்டீஸ் அனுப்புவதில்லை.

இரண்டாவது, காகிதம். பட்டா மாற்றத்துக்கென்று சொல்லிப் பொது அதிகாரப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவது. அதிகாரப் பத்திரத்தை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் சொத்துக்கு உடையவராகிவிட முடியாது என்று 2011-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது. ஆனால் அந்த அதிகாரத்தைக் கொண்டு அவள் பெயரால் வேறொருவருக்குக் கிரயப் பத்திரம் எழுதிப் பதிவு செய்துவிடலாமே! அச்சாரமும் அப்படித்தான். ஒப்பந்தம் எழுதி அச்சாரம் வாங்கிவிட்டால், மிச்சத்தைக் கோர்ட்டு மூலமாகக் கூட வற்புறுத்திக் கேட்கலாம். "செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள், அம்மா" என்று சாவு வீட்டில் கொடுக்கப்படும் பணம் எந்தக் கணக்கில் வருகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் தொடக் கூடாது.

மூன்றாவதுதான் பொல்லாதது. கடனில் இருக்கிற ஒரு பிள்ளையைப் பிடித்து, அவனுடைய பிரிபடாத பாகத்தை மட்டும் மலிவாக வாங்கிவிடுவது. பிறகு அந்நியர் ஒருவர் பங்காளியாக வந்து நின்று, பாகப் பிரிவினை கேட்டு வழக்குத் தொடுப்பார். மற்றவர்கள் அலைய மாட்டாமல் விற்றுவிடுவார்கள். இதற்குப் பரிகாரம் அதே 1956-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 22-வது பிரிவில் இருக்கிறது. ஒரு வாரிசு தன் பங்கை விற்க முற்பட்டால், கூட உள்ள வாரிசுகளுக்கே அதை வாங்க முதல் உரிமை. விளைநிலத்துக்கும் இது பொருந்தும் என்று 2019-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. அண்ணனுடைய கடனைத் தரகர் அடைப்பதற்கு முன் தம்பியும் தங்கையும் சேர்ந்து அடைக்க வழி உண்டா என்று பார்க்க வேண்டியது அப்போதுதான்.

"எல்லாம் முடிந்து கையெழுத்தும் போட்டுவிட்டால்?" என்று கேட்டேன். நண்பர் அலமாரியிலிருந்து 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தை எடுத்து 16-வது பிரிவைக் காட்டினார். வயோதிகத்தாலோ, வியாதியாலோ, மனத் துயராலோ புத்தி தெளிவில்லாமல் இருக்கிறவரிடம், அந்த நிலைமையைப் பயன்படுத்திச் செய்துகொண்ட அநியாயமான ஒப்பந்தத்தை ரத்துச் செய்யலாம். துக்கம் மனிதனை என்ன செய்யும் என்பதை அந்தக் காலத்துச் சட்டமே அறிந்திருந்தது! ஆனால் விஷயம் தெரிந்த நாளிலிருந்து 3 வருஷத்துக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். வாய்தாவுக்கு நடக்க வேண்டும். "போட்ட கையெழுத்தை அழிக்கப் பத்து வருஷம் ஆகலாம். போடாத கையெழுத்துக்கு ஒரு செலவும் இல்லை" என்றார் நண்பர்.

இங்கே ஒரு பழைய சமாசாரம் நினைவுக்கு வருகிறது. இதே செங்கற்பட்டு ஜில்லாவில் கலெக்டராக இருந்த டிரெமன்ஹீர் என்னும் வெள்ளைக்காரர், தாழ்த்தப்பட்ட மக்களின் நிலைமையை 1891-ல் ஓர் அறிக்கையாக எழுதினார். அதன் பயனாக 1892-ல் அவர்களுக்கு நிலம் வழங்க உத்தரவாயிற்று. அந்த நிலங்களை முதல் பத்து வருஷம் யாருக்கும் விற்கக் கூடாது; அதன் பிறகும் அவர்களைச் சேர்ந்தவர்களுக்கே விற்கலாம் என்பது நிபந்தனை. முடை வந்த ஏழையிடம் "விற்கிறாயா?" என்று கேட்பது கேள்வியே அல்ல என்பதை அந்த உத்தரவு போட்டவர்கள் உணர்ந்திருந்தார்கள் போலும். அப்படியும் அந்தப் பஞ்சமி நிலங்களில் எவ்வளவோ கைமாறிப் போயின. சட்டம் ஊரில் இருந்தது. ஏழை வீட்டு வாசலில் வந்து நின்றவர் வேறொருவர்.

வாசலில் வருகிறவரைத் திருப்பி அனுப்ப, சட்டத்தைவிட நம் பழக்கம் ஒன்று அதிகமாக உதவும் என்று எனக்குத் தோன்றுகிறது. சாவு நேர்ந்த வீட்டில் ஒரு வருஷம் சுப காரியம் செய்வதில்லை, பண்டிகை கொண்டாடுவதில்லை. அந்தப் பட்டியலில் நிலத்தையும் சேர்த்துக்கொண்டால் என்ன? "வருஷத் திதி கழியாமல் எங்கள் வீட்டில் நிலத்தைப் பற்றிப் பேசுவதில்லை" என்று மூத்த பிள்ளை வாசலிலேயே சொல்லிவிட்டால், எந்தத் தரகரும் அதற்கு மேல் வாதாட முடியாது. அந்த ஒரு வருஷத்தில் தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ் வாங்கலாம். எல்லா வாரிசுகளின் பெயரிலும் பட்டா மாற்றலாம். வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கலாம். மூலப் பத்திரம் இருக்கிற பெட்டியின் சாவி அம்மாளின் இடுப்பில் இருக்கட்டும். பிள்ளைகளுக்கே எழுதிக் கொடுப்பதானாலும், தன்னைக் காப்பாற்ற வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிக்கொள்ளட்டும். அப்படி எழுதிய நிபந்தனை மீறப்பட்டால், 60 வயதானவர்கள் 2007-ஆம் வருஷத்து முதியோர் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் முறையிட்டு அதை ரத்துச் செய்யக் கேட்கலாம்.

இவ்வளவையும் மனத்தில் அடுக்கிக்கொண்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாணாக்கனின் கிராமத்துக்குப் போனேன். பெரிய பிள்ளை நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தான். அந்த அம்மாள் கூடத்து மூலையிலேயே இருந்தாள். நான் வகுப்பில் பாடம் நடத்துவது போல் அரை மணி நேரம் பேசினேன். பாகம், பட்டா, 22-வது பிரிவு ஒன்றும் விடவில்லை. "எக்காரணத்தாலும் விற்றுவிடாதீர்கள், அம்மா" என்று முடித்தேன்.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஐயா, வந்தவர்கள் எல்லாரும் விற்கச் சொன்னார்கள். சின்னவன் விற்காதே என்கிறான். நீங்களும் விற்காதே என்கிறீர்கள். உனக்கு என்ன வேண்டும் என்று ஒருவரும் என்னைக் கேட்கவில்லையே" என்றாள்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. 2006-ல் செய்த அதே காரியத்தைத் தலைகீழாகச் செய்திருக்கிறேன்! "தப்புத்தான், அம்மா. உங்களுக்கு என்ன வேண்டும்? சொல்லுங்கள்" என்றேன்.

அவள் மடமடவென்று சொன்னாள். இருபத்தேழு நாளாக அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள் என்று தெரிந்தது. ஆஸ்பத்திரிக்காக வாங்கிய கடன், போனவரின் பேரில் இருக்கிறது. அதை நிற்க விடக் கூடாது. சாலையோரத்தில் பதினைந்து செண்டு கொடுத்தால் அது தீரும். பெரியவன் கடனையும் பார்க்க வேண்டியதுதான். ஆனால் அவன் வாய் திறந்து எவ்வளவு என்று சொல்ல வேண்டும். கிணறும் கிணற்றைச் சுற்றியுள்ள நிலமும் தன் பாகமாக வர வேண்டும். தான் இருக்கிற வரையில் அதை யாரும் தொடக் கூடாது. மாட்டுக்குப் புல் அங்கேதான். "எதுவானாலும் வருஷம் கழியட்டும், ஐயா. விலை இறங்கினால் இறங்கட்டும்."

பிறகு எழுந்துபோய், சுவாமி படத்துக்குப் பின்னாலிருந்து மடித்த காகிதம் ஒன்றைக் கொண்டுவந்தாள். தரகர் கொடுத்தது, பட்டா மாற்றத்துக்கென்று சொன்னதாம். "இதைப் படியுங்கள். எழுத்து விடாமல் படியுங்கள்" என்றாள். படித்தேன். "மேற்படி சொத்தை விற்கவும், அடமானம் வைக்கவும்" என்ற இடத்துக்கு வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"அந்த வரியை இன்னொரு தரம் படியுங்கள், ஐயா."

மறுபடியும் படித்தேன். நிலைப்படியில் நின்ற பெரிய பிள்ளை தலையைக் குனிந்துகொண்டான். அவள் காகிதத்தை என் கையிலிருந்து வாங்கி, பழைய மடிப்பிலேயே மடித்து, அவனிடம் நீட்டினாள். "கொடுத்தவரிடம் நீயே திருப்பிக் கொடுத்துவிட்டு வா. வருஷத் திதி கழிந்த பிறகு, வேண்டுமானால் என்னிடம் வந்து பேசச் சொல்" என்றாள். அவன் ஒன்றும் சொல்லாமல் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

கொல்லையில் மாடு கத்திற்று. கறவைக்கு நேரமாகிவிட்டதென்று அந்த அம்மாள் செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.